`பறவை எண்ணுறதுக்கெல்லாம் சம்பளமா?' - காட்டைக் கண்காணிக்கும் விஞ்ஞானிகள் என்னதான் செய்கிறார்கள்?

வந்தவாசிப் பக்கம் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளிடம் ``அடுத்து என்ன?'' என்று கேட்டுப் பாருங்கள். டிகிரி, பி.எட்., குரூப் 4, போலீஸ் செலக்‌ஷன், எதுவும் அமையவில்லை என்றால் செய்யாறு சிப்காட் கம்பெனி பஸ். பதில்கள் கிட்டத்தட்ட இவ்வளவுதான். ``காட்டுக்குப் போய் விலங்கு, பறவையெல்லாம் எண்ணப் போறேன்'' என்று ஒரு பிள்ளை சொன்னால் வீட்டில் என்ன நடக்கும்?

``ஃபாரஸ்ட் ஆபீஸரா?''

``இல்லப்பா, ஆராய்ச்சி.''

``எண்ணுறதுக்கு ஆராய்ச்சியா? அதுக்கு எவன் சம்பளம் குடுப்பான்?''

அப்பா கேட்பது நியாயமான கேள்வி. பதில், குடுக்கிறாங்க. நிறைய இல்லை, நிரந்தரமாகவும் இல்லை. ஆனால் குடுக்கிறாங்க. அந்த வேலையை ஒருவர் ஒழுங்காகச் செய்யாததால் ஒரு சரணாலயத்திலிருந்த புலிகள் மொத்தமும் காணாமல் போன கதையும் இருக்கிறது. ஒருவர் ஒழுங்காகச் செய்ததால் ஒரு மருந்தையே நாடு தடை செய்த கதையும் இருக்கிறது. அதையெல்லாம் பார்ப்பதற்கு முன்னால், பக்கத்து ஊரிலிருந்து ஆரம்பிக்கலாம்.

ஒரு மணி நேரத்தில் ஒரு சரணாலயம்

வந்தவாசி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு 1760 போர் ஞாபகம் வரும், இல்லாவிட்டால் கோரைப் பாய். இந்த ஊரிலிருந்து டூ வீலரை எடுத்தால், உத்திரமேரூர் வழியாக ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடக் குறைய வேடந்தாங்கல். ஸ்கூல் டூரில் போய், டவர் மேல் ஏறி, ``அதோ பாரு கொக்கு'' என்று கத்திவிட்டு வந்திருப்பீர்கள். அது கொக்கு இல்லை, அநேகமாக நத்தைக்குத்தி நாரை. பரவாயில்லை.

வேடந்தாங்கல் மனிதர்கள் அந்தப் பறவைகளைக் காப்பாற்ற ஆரம்பித்தது நேற்று இன்று இல்லை. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது, ஊர்க்காரர்கள் செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸிடம் போய் முறையிட்டார்கள். 1798-ல் அவர் பறவைகளைப் பாதுகாக்கும் உரிமையை எழுத்தில் கொடுத்தார். ஊர்க்காரர்களுக்குக் கணக்கு தெளிவாக இருந்தது. பறவை எச்சம் ஏரியில் விழுகிறது, அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாய்கிறது, தனியாக உரம் போட்ட மாதிரி நெல் விளைகிறது.

சரணாலயத்தின் ஏரி சின்னதுதான், சுமார் 30 ஹெக்டேர். ஆனால் 1998 அறிவிப்பின்படி ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரைக்கும் சரணாலயம். `ஏரிதானே பறவைக்கு, எதுக்கு 5 கிலோமீட்டர்?' என்று தோன்றும். கூடு கட்டுவது ஏரிக்குள் நிற்கும் மரங்களில். சாப்பாடு அங்கே மட்டும் இல்லை. மீன், நத்தை, தவளை எல்லாம் தேடிச் சுற்றியிருக்கும் ஏரிக்கும் வயலுக்கும் போய்த்தான் குஞ்சுக்குக் கொண்டு வருகின்றன. 2020-ல் இந்த 5 கிலோமீட்டரை 3 கிலோமீட்டராகக் குறைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அந்த மாதிரி நேரத்தில் ``பறவை பாவம்'' என்று சொன்னால் எடுபடாது. எந்தப் பறவை, எத்தனை ஜோடி, எந்த மாதம், எந்தப் பக்கம் பறந்து போய் இரை எடுக்கிறது? இந்தக் கேள்விகளுக்குத் தேதியோடு நோட்டில் எழுதி வைத்திருப்பவர் சொல்வதைத்தான் அதிகாரியும் கேட்க வேண்டியிருக்கும், கோர்ட்டும் கேட்கும். 2022-ல் வேடந்தாங்கலும் பக்கத்திலிருக்கும் கரிக்கிலியும் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான நீர்நிலைகள் பட்டியலில் சேர்ந்தன. அந்த மாதிரிப் பட்டியலில் இடம்பிடிக்கவும் கையில் கணக்கு வேண்டும்.

அந்தக் கணக்கை எழுதுவதுதான் இந்த வேலை. இனி அது தவறினால் என்ன ஆகும் என்று பார்ப்போம். அதற்கு ராஜஸ்தான் வரைக்கும் போக வேண்டும்.

காகிதத்தில் மட்டும் இருந்த புலிகள்

ராஜஸ்தானில் சரிஸ்கா என்று ஒரு புலிகள் காப்பகம். 2004-ல் எடுத்த கணக்குப்படி அங்கே 16-லிருந்து 18 புலிகள். 2005-ன் தொடக்கத்தில் போய்த் தேடினால் ஒரு புலிகூட இல்லை. எல்லாவற்றையும் வேட்டையாடி முடித்திருந்தார்கள். காப்பகம் இருந்தது, ஊழியர்கள் இருந்தார்கள், பட்ஜெட் இருந்தது, ரெக்கார்டில் புலியும் இருந்தது!

அதுவரை புலிகளை எண்ணிய முறை, காலடித் தடம். மண்ணில் பதிந்த தடத்தை வரைந்தெடுத்து, `இது இந்தப் புலி, அது அந்தப் புலி' என்று பிரிப்பார்கள். ஒரே புலி ஈர மண்ணில் வைக்கும் தடமும் காய்ந்த மண்ணில் வைக்கும் தடமும் வேறு மாதிரி இருக்கும். ஒரு புலி எளிதாக இரண்டு ஆகிவிடும். போதாததற்கு, `போன தடவையைவிடக் குறைஞ்சா மேல இருந்து கேள்வி வரும்' என்ற பயம் வேறு. பாதுகாப்பவரே தன் மார்க்கைத் தானே போட்டுக்கொண்டால் யார் ஃபெயில் ஆவார்கள்?

சரிஸ்கா கொடுத்த அதிர்ச்சியில்தான் முறை மாறியது. 2006-லிருந்து நான்கு வருடத்துக்கு ஒருமுறை நாடு முழுக்க ஒரே முறையில், தானியங்கி கேமராக்களும் புள்ளியியலும் சேர்ந்து கணக்கு எடுக்கப்படுகிறது. அந்த முதல் கணக்கில் வந்த எண் 1,411. முன்பு காகிதத்தில் இருந்ததைவிட ரொம்பக் குறைவு. கசப்பானது, ஆனால் நம்பக்கூடியது. 2022 கணக்கில் இந்தியாவில் சராசரி மதிப்பீடு 3,682. அதில் தமிழ்நாட்டில் 306.

2018 கணக்கெடுப்பு கின்னஸ் சாதனைப் புத்தகத்திலேயே ஏறியது. 26,838 இடங்களில் கேமரா. மொத்தம் 3 கோடியே 48 லட்சத்துக்கும் மேல் படங்கள். அதில் புலி இருந்த படங்கள் 76,651 மட்டும். மிச்சமெல்லாம்? மான், மாடு, மரம், காற்றில் ஆடிய புல், கேமராவை முகர்ந்து பார்த்த யானை. படங்களைப் பிரிக்க மென்பொருள் உதவுகிறது. ஆனாலும் கண் வலிக்க உட்கார்ந்து பார்த்தவர்கள் நிறைய இளைஞர்கள். உங்கள் வயசுதான்.

இல்லாததையும் எண்ணிய மனிதர்

அதே ராஜஸ்தானில் பரத்பூரில் இருக்கிறது கேவலாதேவ் தேசியப் பூங்கா. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் 1980-களில் அங்கே இரைகொல்லிப் பறவைகளை ஆராய்ச்சி செய்தார். பாறு கழுகுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், எத்தனை ஜோடி கூடு கட்டுகின்றன என்பதையும் எண்ணி வைத்தார். அப்போது அது யாருக்கும் பெரிய விஷயமாகத் தெரிந்திருக்காது. காக்காய் மாதிரி எங்கே பார்த்தாலும் இருந்த பறவை அது. 350 ஜோடிக்கு மேல் இருந்தன.

1990-களின் நடுவில் திரும்ப எண்ணினால் பாதிக்கும் கீழே. மரத்தில் கழுகுகள் தலை தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தன, பிறகு செத்து விழுந்தன. 2003-ல் அந்தப் பூங்காவில் கூடு கட்ட ஒரு ஜோடிகூட மிச்சமில்லை. நாடு முழுக்கப் பார்த்தால், 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுப் பாறு கழுகு 99.9 சதவிகிதம் அழிந்திருந்தது. ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று.

காரணம் 2004-ல் வெளியானது. மாட்டுக்கு வலிக்குப் போடும் டைக்ளோஃபினாக் ஊசி. அந்த மாடு செத்து, அதைக் கழுகு சாப்பிட்டால் சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போகும். பாகிஸ்தானில் லிண்ட்சே ஓக்ஸ் தலைமையிலான குழு இதைக் கண்டுபிடித்தது. 2006-ல் இந்தியா கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தது. இன்று தமிழ்நாட்டில் முதுமலை, சத்தியமங்கலத்தை ஒட்டிய மாயாறு பள்ளத்தாக்கில் சில கழுகுகளாவது வட்டமடிக்கின்றன என்றால் அந்தத் தடைக்கும், அதற்குப் பிறகு கிராமம் கிராமமாகப் போய் மருந்துக் கடைகளில் பேசியவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

80-களில் அந்த 350-ஐ யாரும் எழுதி வைக்காமல் இருந்திருந்தால்? ``முன்னெல்லாம் நிறையக் கழுகு இருக்கும்ப்பா'' என்று தாத்தா சொல்வார். நாமும் `உம்' கொட்டிவிட்டுப் போனைப் பார்ப்போம். எத்தனை வருடத்தில் எவ்வளவு குறைந்தது என்று சொல்ல ஆள் இருந்திருக்காது.

மண்டபத்தில் சந்தனப் பொட்டு

சரி, காட்டில் ஒளிந்திருக்கும் விலங்கை எப்படி எண்ணுவது? எல்லாவற்றையும் பார்க்கவே முடியாதே? இந்தத் தொழிலின் ருசியே இதில்தான் இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

ஒரு கல்யாண மண்டபம். எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று தெரியாது. வாசலில் நின்று கையில் கிடைத்த 50 பேருக்குச் சந்தனப் பொட்டு வைக்கிறீர்கள். எல்லோரும் உள்ளே கலந்து போகிறார்கள். அரை மணி கழித்துப் பந்தியில் கண்ணில் பட்ட 40 பேரைப் பார்க்கிறீர்கள். அதில் 10 பேர் நெற்றியில்தான் பொட்டு. அதாவது நாலில் ஒருத்தர். அப்படியென்றால் நீங்கள் பொட்டு வைத்த 50 பேர் மொத்தக் கூட்டத்தில் நாலில் ஒரு பங்கு. கூட்டம் சுமார் 200. ஒருத்தர் விடாமல் எண்ணாமலே கிடைத்துவிட்டது!

புலிக்குப் பொட்டு வைக்க வேண்டாம், அதன் வரிகளே பொட்டு. ஒரு புலியின் வரி இன்னொன்றுக்கு இருக்காது, நம் கைரேகை மாதிரி. இடது பக்க வரியும் வலது பக்க வரியும்கூட வேறு வேறு. அதனால் பாதையின் இரண்டு பக்கமும் எதிரெதிராக இரண்டு கேமரா கட்டுவார்கள். தேசியக் கணக்கெடுப்பில் இரண்டு சதுர கிலோமீட்டருக்கு ஒரு ஜோடி கேமரா. இந்த வழியை இந்தியாவில் 1990-களில் நாகரஹொளேயில் செய்து காட்டியவர் உல்லாஸ் கரந்த். படிப்பில் எஞ்சினீயர். சயின்ஸ் குரூப் எடுக்காதவர்கள் இந்த வரியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்ளலாம்.

மானுக்கு வேறு வழி. காட்டுக்குள் ஒரு நேர்க்கோட்டுப் பாதை, சுமார் 2 கிலோமீட்டர். விடியும்போது சத்தமில்லாமல் நடக்க வேண்டும். மான் கூட்டம் தெரிந்தால் எத்தனை மான், எவ்வளவு தூரத்தில், எந்தக் கோணத்தில் என்று குறிக்க வேண்டும். தூரம் போகப்போகக் கண்ணில் படுவது குறையும். எந்த அளவுக்குக் குறைகிறது என்பதை வைத்தே, பார்க்காமல் விட்டது எவ்வளவு என்று கணக்குப் போடுவார்கள். பார்த்ததைவிடப் பார்க்காததைக் கணக்கில் கொண்டுவருவதுதான் இதில் வித்தை.

வேடந்தாங்கல் மாதிரி இடத்தில் சிக்கல் நேர் எதிர். எல்லாமே கண்ணுக்குத் தெரியும், ஆனால் ஆயிரக்கணக்கில். முதலில் பத்துப் பறவையை ஒழுங்காக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனதில் வைத்துக்கொண்டு, கூட்டத்தைப் பத்துப் பத்தாக, பிறகு நூறு நூறாகப் பிரிப்பார்கள். கூடு கட்டும் காலத்தில் பறவையைவிடக் கூட்டை எண்ணுவது நம்பகமானது. கூடு பறந்து போகாது. இன்னொரு விஷயமும் உண்டு. மழை பொய்த்து ஏரி வற்றிய வருடம் பறவை குறைந்தால் அது அழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை, வேறு ஏரிக்குப் போயிருக்கலாம். அதனால்தான் ஒரு வருடக் கணக்கை வைத்து எந்த விஞ்ஞானியும் சத்தியம் செய்ய மாட்டார்.

முதுமலையில் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு நம்பர்

எத்தனை வருடம் எண்ணினால் போதும்? இதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் அழகான பதில் இருக்கிறது. சென்னையில் பிறந்த யானை ஆராய்ச்சியாளர் ராமன் சுகுமார், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பணியாற்றியவர். 1988-ல் அவர் குழு முதுமலையில் 50 ஹெக்டேர் காட்டை அளந்து, ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு மேல் இருந்த மரம், செடி ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்தது. கிட்டத்தட்ட 26 ஆயிரம். ஒவ்வொரு வருடமும் திரும்பப் போய் எது உயிரோடு இருக்கிறது, எது செத்தது, எது புதிதாக முளைத்தது என்று பார்ப்பது. சில வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றின் பருமனையும் அளப்பது. யானை முறித்தது, காட்டுத்தீயில் கருகியது, வறட்சியில் காய்ந்தது எல்லாம் பதிவாகும். முப்பத்தைந்து வருடம் தாண்டியும் அது ஓடிக்கொண்டிருக்கிறது. உலகம் முழுக்க இதே முறையில் அளக்கப்படும் காடுகளின் வரிசையில் முதுமலையும் ஒன்று. பருவநிலை மாறும்போது வறண்ட காடு என்ன ஆகும் என்று கேட்டால், பதில் தேடுகிறவர்கள் முதுமலையின் இந்த நோட்டுகளைத்தான் புரட்டுகிறார்கள்.

ஆரணி, காஞ்சிபுரம் தறி வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். பாவில் ஓர் இழை அறுந்தால் முடிச்சுப் போட்டு மேலே நெய்துவிடலாம். இந்த நோட்டில் ஒரு வருடம் விட்டுப்போனால் முடிச்சுப் போட வழியே இல்லை. போன வருடத்துக்கு இந்த வருடம் போய் எண்ண முடியாது.

போனவர்கள் எப்படிப் போனார்கள்?

நாங்குநேரியில் பிறந்த ஏ.ஜே.டி. ஜான்சிங், சிவகாசியில் கல்லூரி விலங்கியல் ஆசிரியர். ஜிம் கார்பெட் புத்தகங்களைப் படித்து வளர்ந்தவர். 1976-ல் பந்திப்பூருக்குப் போய் இரண்டு வருடம் செந்நாய்க் கூட்டங்களின் பின்னாலேயே நடந்தார். இந்தியர் ஒருவர் ஒரு பெரிய பாலூட்டியைக் காட்டிலேயே வைத்துச் செய்த முன்னோடி ஆராய்ச்சிகளில் அது ஒன்று. பிறகு டேராடூனில் இந்திய வனவிலங்கு நிறுவனத்தில் சேர்ந்து ஒரு தலைமுறை ஆராய்ச்சியாளர்களை உருவாக்கினார். 2024-ல் காலமானார்.

இன்னொருவர் ஜே. விஜயா. சென்னையில் படித்தவர், சென்னை முதலைப் பண்ணையில் ஆமைகளோடு வேலை பார்த்தவர். எழுபது வருடமாக எந்த விஞ்ஞானியும் பார்க்காத ஒரு காட்டு ஆமையை 1982-ல் கேரளத்துச் சாலக்குடிக் காட்டில் தேடிக் கண்டுபிடித்தார். அங்கே வாழும் காடர் மக்களின் உதவியோடு, ஒரு குகையில் தங்கி அந்த ஆமைகளைக் கவனித்தார். இருபதுகளின் கடைசியிலேயே இறந்துபோனார். 2006-ல் அந்த ஆமையின் பேரினத்துக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது: `விஜயாகெலிஸ்'. பொம்பளப் பிள்ளைக்குக் காட்டுல என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஓர் ஆமையே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

டிகிரி இல்லாதவர்களை விட்டுவிட்டால் கதை பாதிதான். செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரையும் 2017-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்கு அழைத்தார்கள், அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேட. இரண்டு வாரத்துக்குள் 13 பாம்பு பிடித்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ. முதுமலையில், ஆனைமலையில் ஆராய்ச்சியாளருக்கு முன்னால் நடப்பவர் பெரும்பாலும் அந்தக் காட்டின் பழங்குடி மனிதர்தான். காற்றில் யானை வாசம் பிடித்து ``நில்லு'' என்று அவர் கை காட்டுவதால்தான் பலருடைய பிஹெச்.டி முடிந்திருக்கிறது. ஆய்வுக் கட்டுரையில் அவர் பெயர் கடைசியில் நன்றி வரியில் வரும், பல சமயம் அதிலும் வராது. இது மாற வேண்டியது என்பது என் கருத்து.

படிப்பும் பணமும்

விலங்கியல், தாவரவியல் மாதிரி ஒரு டிகிரி பக்கத்து அரசுக் கல்லூரியில் முடித்தாலே போதும், அடுத்ததுதான் முக்கியம். மயிலாடுதுறை மன்னம்பந்தலில் ஏ.வி.சி. கல்லூரி, ஊட்டி அரசு கலைக் கல்லூரி இரண்டிலும் வனவிலங்கு உயிரியல் முதுகலைப் படிப்பு இருக்கிறது. நம்ம பட்ஜெட்டுக்கு எட்டுவது இவைதான். டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனத்திலும் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்திலும் இருக்கும் எம்.எஸ்சி. படிப்புகளுக்கு நாடு முழுக்கப் போட்டி. சீட்டும் கொஞ்சம்தான், நுழைவுத் தேர்வும் நேர்காணலும் உண்டு. எல்லா வருடமும் சேர்க்கை இருக்கும் என்று சொல்ல முடியாது, அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கோவை ஆனைகட்டியில் இருக்கும் சாலிம் அலி மையத்தில் பறவை ஆராய்ச்சி நடக்கிறது.

பாடத்தைவிட இரண்டு விஷயம் கைகொடுக்கும். ஒன்று, புள்ளியியல். `ஆர்' என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது, யூடியூப் பார்த்தே ஆரம்பிக்கலாம். இந்த வேலையில் பாதி நாள் காடு, பாதி நாள் லேப்டாப். ரீல்ஸில் முதல் பாதியை மட்டும்தான் காட்டுவார்கள். இரண்டாவது, எழுத்து. பார்த்ததை அன்றைக்கே, தேதி நேரத்தோடு, அடித்துத் திருத்தாமல் எழுதும் பழக்கம்.

பணம்? நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். வாங்கினால் 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. இது இல்லாமல் ஒரு ப்ராஜெக்ட்டில் சேர்ந்தால் இதைவிடக் குறைவாக இருக்கும், ப்ராஜெக்ட் முடிந்ததும் வேலையும் முடியும். இரண்டு வருடம், மூன்று வருடம் என்று ஒப்பந்தம் மாறி மாறிப் போகும். நிரந்தர விஞ்ஞானிப் பணியிடங்கள் ரொம்பக் குறைவு. இதை மறைத்துப் பேசும் மோட்டிவேஷன் வீடியோக்களை நம்பாதீர்கள். சாப்பாடும் தங்குமிடமும் மட்டும் கொடுத்து மாதக்கணக்கில் வேலை வாங்கும் `வாலன்டியர்' வாய்ப்புகளும் வரும். இரண்டு மாதம் கற்றுக்கொள்ளப் போவது சரி. வருடக்கணக்கில் சம்பளமில்லாமல் உழைக்க, வீட்டில் காசு இருப்பவர்களால்தான் முடியும். அப்படியே போனால் இந்தத் துறை அவர்களுக்கு மட்டும்தான் என்று ஆகிவிடும். அதனால் கூச்சப்படாமல் கேளுங்கள். சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில் வரும், இன்ஷூரன்ஸ் உண்டா, காட்டில் கூட யார் வருவார்கள், சிக்னல் இல்லாத இடத்தில் அவசரத்துக்கு என்ன ஏற்பாடு, பெண்களுக்குத் தனி அறையும் கழிப்பறையும் இருக்கிறதா. இதைக் கேட்டதற்காக முகம் சுளிக்கும் இடத்துக்குப் போகாமல் இருப்பதே நல்லது.

எங்கே ஆராய்ச்சி செய்தாலும் வனத்துறை அனுமதி கட்டாயம். அது வர மாதக்கணக்கில் ஆகலாம். பொறுமை இல்லாதவர்கள் முதல் காட்டைப் பார்ப்பதற்குள்ளேயே ஓடிவிடுவார்கள்.

நிரந்தர வேலைதான் வேண்டும், ஆனால் காடும் வேண்டும் என்பவர்களுக்கு இன்னொரு வாசல் இருக்கிறது. டி.என்.பி.எஸ்.சி. 2024 குரூப் 4 அறிவிப்பில் வனக் காப்பாளர், வனக் காவலர் பணியிடங்களும் இருந்தன. வந்தவாசியில் எத்தனையோ பேர் படித்துக்கொண்டிருக்கும் அதே தேர்வு! புலிக் கணக்கெடுப்பில் காட்டுக்குள் நடந்து, தடமும் எச்சமும் பார்த்து, போன் செயலியில் பதிவது முதலில் இந்தக் களப் பணியாளர்கள்தான். மேலே போக நினைப்பவர்களுக்கு யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்திய வனப் பணித் தேர்வு.

பொங்கலுக்கு ஒரு பதினைந்து நிமிஷம்

இதெல்லாம் டிகிரி முடித்த பிறகு. இப்போதே தொடங்க ஒரு வழி உண்டு, செலவில்லை. `மெர்லின்' செயலியைப் போனில் ஏற்றினால் பறவையின் சத்தம், படம் இரண்டையும் வைத்து இன்னதாக இருக்கலாம் என்று சொல்லும். `ஈபேர்டு' செயலியில் நீங்கள் பார்த்த பறவைகளை எண்ணிக்கையோடு பதியலாம். உலகம் முழுக்க விஞ்ஞானிகள் பயன்படுத்தும் தகவல் களஞ்சியம் அது. தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015-லிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் நான்கு நாள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிஷம் நின்று, பார்த்த எல்லாப் பறவையையும் எண்ணிப் பதிய வேண்டும், அவ்வளவுதான். காக்காய், மைனாவை `இதுக்கெல்லாமா' என்று விட்டுவிடக் கூடாது. பாறு கழுகையும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள்.

சுற்றுலாத் தலமான வேடந்தாங்கலுக்குப் பதிவுகள் வந்துகொண்டே இருக்கும். வந்தவாசியைச் சுற்றி இருக்கும் ஏரிகளுக்கு அப்படி யாரும் வரிசையில் நிற்பதில்லை. வேடந்தாங்கலில் கூடு கட்டும் நாரைக்கும் நீர்க்காகத்துக்கும் மாவட்ட எல்லை தெரியாது, ஈரம் இருக்கும் இடத்துக்கு வரும். உங்கள் ஊர் ஏரிக்கரையில், கோரை வெட்டும் இடத்தில், மாதம் ஒருமுறை ஒரே இடத்தில் நின்று எண்ணினால் வருடத்துக்குப் பன்னிரண்டு பட்டியல். கல்லூரி முடியும்போது முப்பத்தாறு. நேர்காணலில் ``என்ன அனுபவம்?'' என்று கேட்பார்கள். அந்த முப்பத்தாறு பட்டியலை எடுத்துக் காட்டுங்கள்.

பொங்கல் கணக்கெடுப்பு அந்த நான்கு நாளும் நடக்கும். காலை ஆறரையிலிருந்து எட்டு மணிக்குள் போனால் வெயிலும் இருக்காது, பறவையும் இருக்கும். சார்ஜ் போட்டுக்கொண்டு போங்கள்.